இரைச்சலும் பட்டறையும்

மைனர் த்ரெட் என்னும் அமெரிக்க இசைக்குழு பதிவுசெய்த பாடல்கள் அனைத்தையும் ஒரு மணி நேரத்திற்குள் கேட்டு முடித்துவிடலாம். பீளமேட்டில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் அண்மையில் அப்படித்தான் கேட்டோம். முடிந்ததும் எங்களில் மூத்தவர் ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார்: "இரைச்சல்." சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "வானம்பாடியைப் பற்றியும் இதைத்தான் சொன்னோம்." அந்த இரண்டாவது வாக்கியம்தான் எங்களை இதை எழுதவைத்தது.

அக்குழுவை அறியாத வாசகர்களுக்காகச் சில செய்திகள். 1970களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த பங்க் இசை, வெகுவிரைவிலேயே பெரிய பதிவு நிறுவனங்களின் சரக்காகிவிட்டது. அதை மேலும் வேகமாக, மேலும் சுருக்கமாக, மேலும் கடுமையாக வாசித்த இளையவர்களின் இசையே ஹார்ட்கோர் எனப்பட்டது. வாஷிங்டனில் அதற்கு முன்னத்தி ஏராக இருந்தது பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பினக் குழு. அவர்களைக் கேட்டுக் கொதித்தெழுந்த இளைஞர்கள் 1980இன் இறுதியில் தொடங்கியதே மைனர் த்ரெட். பாடகர் இயன் மக்காய்க்கு அப்போது 18 வயது. 1983 செப்டம்பரில் கடைசி மேடை. இடையில் கிட்டார் கலைஞர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதால் சில மாதங்கள் குழுவே இல்லை. இசை எத்திசையில் செல்வது என்ற கருத்து வேறுபாட்டில் கலைந்தார்கள். அவ்வளவுதான் வரலாறு.

ஆனால் எங்களை ஈர்த்தது பாட்டைவிடப் பாட்டு வெளிவந்த விதம். மக்காயும் மேளக்காரர் ஜெஃப் நெல்சனும் இதற்குமுன் டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். அது கலைந்தபோது கச்சேரிகளில் சேர்ந்த பணத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளாமல், அதைக் கொண்டு தங்கள் பாடல்களைத் தாங்களே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அப்படிப் பிறந்தது டிஸ்கார்ட் பதிவகம். தட்டுக்கு உறை வேண்டும். அச்சகத்தில் செய்துவாங்கக் காசில்லை. ஏற்கெனவே கையிலிருந்த ஓர் இசைத்தட்டின் உறையைப் பிரித்து விரித்து அளவெடுத்து, நண்பர்களாகச் சேர்ந்து கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். அடுத்து வந்த தட்டுகளுக்கும் இதே கைவேலைதான்.

கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் இயந்திரத்தைப் பிரித்துப்போட்டுப் பார்த்து, வீட்டோரத்து லேத் பட்டறையில் அதைப்போல் ஒன்றைச் செய்துவிடும் ஊர் இது. மில் சங்கின் ஓசையைக் கடிகாரமாகக் கொண்டு வாழ்ந்த ஊரும்கூட. இரைச்சல் நமக்கு அந்நியமானதல்ல. இலக்கியத்தில் மட்டும் ஏனோ காதைப் பொத்திக்கொண்டோம்.

1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' வெளிவந்தபோது அது தன்னை 'விலையிலாக் கவிமடல்' என்று அறிவித்துக்கொண்டது. புவியரசு, ஞானி, சிற்பி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன் எனப் பலர் கூடிய அணி அது. கவிதையை உரக்கச் சொல்ல அவர்கள் தயங்கவில்லை. 'எழுத்து' மரபில் பயின்ற நவீனத்துவ விமர்சகர்கள் அதைக் கோஷம் என்றார்கள், சத்தம் என்றார்கள். நாமும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தாம். மௌனமே கவிதையின் உச்சம் என்று நம்பி, வானம்பாடியை ஒரு பெருமூச்சோடு கடந்துவந்திருக்கிறோம். அவர்கள் கவிதைகளில் கணிசமானவை இன்று தாங்காது என்பதே எங்கள் கணிப்பு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கவிதை மடல் ஒன்றை விலையின்றி வாசகன் கையில் சேர்ப்பது என்ற முடிவைக் கவிதை பற்றிய ஒரு நிலைப்பாடாக நாம் எண்ணிப் பார்க்கவில்லை. வரியை மட்டும் படித்தோம், மடலைப் படிக்கவில்லை.

இரண்டுக்கும் நேர்ந்த விபத்தும் ஒன்றுபோலவே இருக்கிறது. போதைப்பொருள்கள் தனக்கு வேண்டாம் என்று மக்காய் 1981இல் பாடிய 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' 46 விநாடிகளே நீளும். ஒரு தனிமனிதன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொல் அது. கேட்டவர்கள் அதை இயக்கமாக்கினார்கள். சில ஊர்களில் குடிப்பவனை அடிக்கும் அளவுக்குப் போனார்கள். 1983இல் வேறொரு பாடலின் நடுவே, இவை எவருக்குமான விதிகள் அல்ல என்று மக்காய் பேச்சாகவே சொல்லிப் பார்த்தார். பயனில்லை. இங்கே, விடியலும் எரிமலையும் அக்கினியும் ஊர்தோறும் கவியரங்கக் கையிருப்பாயின. வானம்பாடிக்குள் இடதுசாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் விரிசல் விழுந்து அணி பிரிந்த பிறகும் அந்தத் தொனி மட்டும் நிற்கவில்லை. மேடைக்குப் போயிற்று, திரைப்பாட்டுக்குப் போயிற்று.

வேறுபாடு இதற்குப் பிறகுதான் வருகிறது. குழு கலைந்தது, பதிவகம் கலையவில்லை. டிஸ்கார்ட் இன்றுவரை வாஷிங்டன் வட்டாரக் குழுக்களையே வெளியிட்டு வருகிறது. மக்காய் 1987இல் தொடங்கிய ஃபுகாஸியும் அதன் வழியேதான் வந்தது. ஐந்து டாலர் நுழைவுக் கட்டணம், எல்லா வயதினருக்கும் அனுமதி என்பது அக்குழுவின் பிடிவாதம். மைனர் த்ரெட்டின் முதல் தட்டு உறையில், மொட்டைத் தலை இளைஞன் ஒருவன் படிக்கட்டில் கவிழ்ந்து அமர்ந்திருக்கும் படம் உண்டு. 2005இல் நைக்கி நிறுவனம் அதை அப்படியே போலிசெய்து விளம்பரச் சுவரொட்டி போட்டபோது டிஸ்கார்ட் எதிர்த்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுச் சுவரொட்டியைத் திரும்பப் பெற்றது. 'இது எங்களுடையது' என்று சொல்ல 22 ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் ஆள் இருந்தார், ஒரு முகவரி இருந்தது.

வானம்பாடிக்கு அப்படியொரு முகவரி மிஞ்சவில்லை. ஞானி பின்னாளில் 'நிகழ்' நடத்தினார், 2020இல் மறைந்தார். சிற்பியும் புவியரசும் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார்கள். தனி ஆளுமைகளுக்குக் குறைவில்லை. அந்த மடலைத் தொடர்ந்து காத்துவரும் பட்டறைதான் இல்லை.

மைனர் த்ரெட்டின் தட்டுகள் இப்போதும் அச்சில் உள்ளன. பீளமேட்டு நண்பரின் அலமாரியில் வானம்பாடி ஐந்து இதழ்கள் இருக்கின்றன, ஒன்றுக்கு அட்டை இல்லை. மற்றவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வைத்திருப்பவர்கள் ஒருநாள் இரவல் தந்தால் போதும், படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.