பார்த்தவர்களைப் பற்றி யார் பேசுவது?





சில மாதங்களுக்கு முன் உறவினர் வீட்டு வலீமா விருந்து முடிந்து, ஆண்கள் ஏழெட்டுப் பேர் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பேச்சு வழக்கம்போல் இக்காலப் பெண்களின் உடை, கைபேசி, கெட்டுப்போன காலம் என்று சுற்றி வந்தது. பெரியவர் ஒருவர், "கலீஃபான்னு பேரை வச்சிக்கிட்டு ஒரு முஸ்லிம் பொண்ணு அமெரிக்காவுல என்ன தொழில் பண்ணினா தெரியுமா? சமுதாயத்துக்கே தலைகுனிவு" என்றார். எல்லாரும் தலையசைத்தோம். ஓரத்தில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவன் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "சாச்சா, அவங்க முஸ்லிமே இல்லை. அது இருக்கட்டும், அந்தப் பேரு நம்ம எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சது?"

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். குடும்பமாக வாசிக்கும் பக்கம் என்பதால் சொல்ல வேண்டியதை ஹயாவின் எல்லைக்குள் நின்றே சொல்ல முயல்கிறேன்.

முதலில் உண்மையை நேர் செய்வோம். மியா கலீஃபா என்று உலகம் அறிந்த அப்பெண் 1993-இல் பெய்ரூத்தில் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 2001-இல் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறினார். அவ்வாண்டின் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அரபு முகம் கொண்ட அச்சிறுமியைப் பள்ளியில் கேலி செய்தனர். பின்னர் டெக்சாஸில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றார். 'கலீஃபா' அவருடைய குடும்பப் பெயரன்று. தொழிலுக்காகச் சூடிக்கொண்ட புனைபெயர். ஒரு பெயரின் ஓசையை மட்டும் வைத்து ஒருவரை முஸ்லிம் என்று முடிவு செய்து, பிறகு அவரைச் சொல்லியே நம் வீட்டுப் பெண்களை எச்சரித்துவரும் நம் வழக்கம் எவ்வளவு பலவீனமான அடித்தளத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கேட்டதையெல்லாம் விசாரிக்காமல் பரப்புவது பொய்யனுக்குப் போதுமான அடையாளம் என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த பாடம்.

அவர் அத்துறைக்குள் நுழைந்தது 2014 அக்டோபரில். அப்போது அவருக்கு 21 வயது. சிறுவயது முதல் உடல் பருமனால் தாழ்வு மனப்பான்மையில் வளர்ந்ததையும், எடை குறைந்தபின் கிடைத்த புகழுரைகள் தம்மை மயக்கியதையும், தெருவில் ஒருவர் அழகைப் பாராட்டி 'மாடலிங்' வாய்ப்பு என்று அழைத்ததே தொடக்கம் என்பதையும் 2019-இல் பிபிசிக்கு அளித்த நேர்காணலில் அவர் விவரித்தார். தம்மை யாரும் கையைப் பிடித்து இழுத்துச் செல்லவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. தவறான முடிவு எடுத்தவர் தாமே என்று ஏற்றுக்கொள்கிறார்.

அவர் அங்கே இருந்தது ஏறத்தாழ மூன்றே மாதங்கள். அதற்குள் அவரை ஹிஜாப் அணியவைத்து ஒரு படம் எடுத்தனர். இதனால் என் உயிருக்கே ஆபத்து வரும் என்று தாம் சொன்னபோது, அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள் என்கிறார் அவர். அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று நாம் சிந்திக்க வேண்டும். நம் தாய்மார்களும் சகோதரிகளும் இபாதத்தாக அணியும் ஆடை, அவ்வியாபாரிகளின் கணக்கில் விலை கூடிய ஒரு சரக்கு. அதைப் பார்க்கக் கூட்டம் வரும் என்று அவர்கள் போட்ட கணக்கு தவறவில்லை. 2014 டிசம்பரில் உலகின் மிகப்பெரிய ஆபாசத் தளம் ஒன்றில் மிக அதிகமாகத் தேடப்பட்டவர் அவரே. ஐ.எஸ். அமைப்பினரிடமிருந்து கொலை மிரட்டல்கள் வந்தன. பெற்றோர் உறவைத் துண்டித்தனர். அப்பெண் விலகினார், படம் விலகவில்லை.

அத்தொழிலில் தமக்குக் கிடைத்த மொத்தப் பணம் சுமார் 12,000 டாலர் என்று 2019-இல் அவர் வெளியிட்டபோது பலரும் நம்பவில்லை. ஆனால் வலையுலகின் வியாபாரமுறை அப்படித்தான். நடித்தவருக்கு ஒருமுறை கூலி. படத்தின் உரிமை நிறுவனத்துக்கு. பார்வைகள் கோடிக்கணக்கில் பெருகினாலும் விளம்பரப் பணமும் சந்தாப் பணமும் அவர் பக்கம் திரும்புவதில்லை. அவர் பெயரிலேயே இயங்கிய இணைய முகவரிகூட அவர் கையில் இல்லை. தாமே பேசுவதுபோல் அங்கே எழுதப்பட்டிருப்பதாகவும், அம்முகவரியிலிருந்து தம் பெயரை நீக்கினால் போதும் என்றும் அவர் வெளிப்படையாக முறையிட்டார். 2020-இல் அப்படங்களை அகற்றக் கோரிய இணைய மனுவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அப்படியிருந்தும் அவை இணையத்திலிருந்து மறையவில்லை.

விலகியபின் அவர் மயாமியில் ஒரு வழக்கறிஞரின் உதவியாளராகவும் கணக்கெழுதுபவராகவும் வேலை பார்த்தார். பின்னர் விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளரானார். தன் பெயரை உலகம் மறக்கப்போவதில்லை என்று தெரிந்தபின், அப்பெயரை வைத்தே இணையத்தில் தொழில் தொடங்கினார். சந்தா கட்டிப் பார்க்கும் தளத்தில் கணக்கு, சமூக ஊடக விளம்பரங்கள், 2023-இல் நகை வியாபாரம் என அது விரிந்தது. 2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூத் துறைமுகம் வெடித்துச் சிதறியபோது, தமது மூக்குக் கண்ணாடியை ஏலம் விட்டு லெபனான் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்டினார்.

இதை ஒரு வெற்றிக் கதையாக நான் எழுதவில்லை. சந்தாத் தளத்தில் தன் தோற்றத்தைத் தானே விற்றால் அது பெண்ணின் சுதந்திரம் என்று இன்று வாதிடுகின்றனர். முன்பு நிறுவனத்துக்குப் போன பணத்தில் பெரும்பகுதி இப்போது அப்பெண்ணுக்கே வருகிறது. தளம் நூற்றுக்கு 20 எடுத்துக்கொள்கிறது. பங்கீடு மாறியதே தவிர, விற்கப்படும் பொருள் மாறவில்லை. தம் நகை நிறுவனத்துக்கு அவர் சூட்டிய பெயரே 'ஷைத்தான்' என்பதுதான். அந்த வாழ்வு நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரி அன்று. ஆயினும் முன்மாதிரி அல்லாத ஒருவர் மீதும் அநீதி இழைக்க நமக்கு அனுமதியில்லை.

இங்கேதான் அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறோம். சூரத்துந் நூர் 30-ஆம் வசனத்தில் அல்லாஹ் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆண்களுக்கே கட்டளையிடுகிறான். பெண்களுக்கான கட்டளை 31-ஆம் வசனத்தில்தான் வருகிறது. நம் மேடைகளிலோ 31-ஆம் வசனத்தின் விளக்கம் மணிக்கணக்கில் ஓடுகிறது. 30-ஆம் வசனம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதே சூராவின் 33-ஆம் வசனம், உலக ஆதாயத்துக்காக அடிமைப் பெண்களை விபச்சாரத்துக்கு நிர்ப்பந்திப்பதைத் தடுக்கிறது; நிர்ப்பந்திக்கப்பட்டவர்களுக்கு அல்லாஹ்வின் மன்னிப்பையும் கருணையையும் நினைவூட்டுகிறது. அங்கே கண்டிக்கப்படுபவன், பெண்ணின் உடலால் காசு பார்ப்பவன். இன்று அவனுக்கு அக்காசைக் கொடுப்பவர் யார்? இரவில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்ப்பவரின் ஒவ்வொரு பார்வையும் அவன் கணக்கில் வரவாகிறது. "நான் காசு கொடுக்கவில்லையே, இலவசமாகத்தானே பார்த்தேன்" என்பதும் பதிலாகாது. இலவசத் தளம் விளம்பரத்தால் வாழ்கிறது. விளம்பரம் பார்வையாளரின் எண்ணிக்கையால் வாழ்கிறது.

பணம் நின்றால் இச்சந்தை அடங்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. சிறுமியர், ஒப்புதல் அளிக்காதோர் ஆகியோரின் காட்சிகள் அதே பெரிய தளத்தில் கிடப்பதை 2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பல ஆண்டுகள் பாதிக்கப்பட்டவர்கள் கதறியும் அசையாத அத்தளம், விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் பணப் பரிமாற்றத்தை நிறுத்தத் தொடங்கியதும், சரிபார்க்கப்படாத பல இலட்சக்கணக்கான காட்சிகளைச் சில நாள்களிலேயே நீக்கியது.

இது பெய்ரூத்துக்கும் மயாமிக்கும் மட்டும் உரிய கதையன்று. நானறிந்த ஓர் ஊரில், நம் சமுதாயத்துப் பெண் ஒருத்தியின் அந்தரங்கப் படம், அவள் நம்பிய ஒருவனால் வெளியே விடப்பட்டது. அது வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு கைபேசியாகப் பரவியபோது, அனுப்பியவர்களில் பலர் கீழே 'அஸ்தக்ஃபிருல்லாஹ்' என்று எழுதி அனுப்பினர். பாவமன்னிப்புத் தேடும் சொல்லையே பாவத்தின் மேலுறையாக்கினோம். சில வாரங்களில் அக்குடும்பம் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்துவிட்டுப் போனது. படத்தை வெளியிட்டவன் ஒருவன்தான். ஆனால் ஊரைவிட்டு அவர்களைத் துரத்தியதில் அதைப் பார்த்தும் பகிர்ந்தும் வைத்த அனைவருக்கும் பங்குண்டு. எனக்கும் அது வந்தது. நான் திறக்கவில்லை, ஆனால் அனுப்பியவரைக் கண்டிக்கவும் இல்லை. அந்த மௌனத்துக்கு நான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

தவறு செய்த ஒருவரை வெளிச்சத்துக்கு அனுப்பிய தோழரிடம், உம் ஆடையால் அவரை மறைத்திருந்தால் உமக்கு நலமாயிருந்திருக்கும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்த பனூ இஸ்ராயீல் குலத்து விபச்சாரி ஒருத்தி மன்னிக்கப்பட்டாள் என்ற செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அவளுடைய ஊரார் அவளை எவ்வாறு பேசியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம். அவளுடைய முடிவோ ஊராரின் பேச்சைக் கேட்டு எழுதப்படவில்லை. இணையத்துக்கு மறதியில்லை, மனிதர்களுக்கோ மன்னிக்க மனமில்லை. இரண்டுக்கும் அப்பால் தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. அதை நாம் பூட்ட நினைப்பது நம் வரம்பை மீறும் செயல்.

பெற்றோர்களே, உங்கள் மகனிடம் பேசுங்கள். மகளின் துப்பட்டாவைக் கவனிக்கும் அதே கண்கள் மகனின் கைபேசியையும், அதற்கு முன் தம் கைபேசியையும் கவனிக்கட்டும். இரவில் எல்லாருடைய கைபேசியும், வாப்பாவுடையது உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். அந்தரங்கப் படம் எது வந்தாலும் திறக்காமல் அழிப்பதும், அனுப்பியவரிடம் "இதை எனக்கு அனுப்பாதீர்கள்" என்று சொல்வதும் வீட்டின் வழக்கமாகட்டும். மகளிடம், உன் நிறமும் எடையும் உன் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை என்று சிறுவயதிலேயே சொல்லி வளர்ப்போம். வீட்டில் கிடைக்காத ஒரு நல்ல சொல்லைத் தெருவில் எவனோ ஒருவன் சொல்லும்போதுதான் அவள் கால் இடறுகிறது. இடறிவிட்டால், "உம்மா, தப்புப் பண்ணிட்டேன்" என்று அவள் முதலில் வந்து நிற்கும் இடம் நம் வீடாக இருக்க வேண்டும்.

அன்று திண்ணையில் கேள்வி கேட்ட அம்மாணவனைப் பிறகு சந்தித்தேன். "பெரியவங்க முன்னாடி அப்படிக் கேட்டது தப்பா, மாமா?" என்றான். "கேள்வி தப்பில்லப்பா. பதில் சொல்லாத நாங்கதான் தப்பு" என்றேன்.

யா அல்லாஹ்! எங்கள் கண்களின் வஞ்சகத்தையும் உள்ளங்கள் மறைப்பவற்றையும் அறிந்தவன் நீயே. எங்கள் குறைகளை நீ மறைத்திருப்பதுபோல், பிறர் குறைகளை மறைக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக. இடறியவர்கள் திரும்பி வரும்போது வழிமறிக்காத சமுதாயமாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.