மாயாவி பிழைப்பார், நாம பிழைப்போமா?

1972-ல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவிக்கு, கரண்டைத் தொட்டால் கை தவிர உருவமே மறையும். நாம தொட்டா உசுரே மறையும்!

கம்பியில் உட்கார்ந்த காக்காவுக்கு ஏன் ஷாக் அடிக்கலை? இரண்டு காலும் ஒரே கம்பியில். உடம்பு வழியா கரண்ட் பாயக் காரணமில்லை. நாமோ ஈரத் தரையில் நின்று தொடுகிறோம். கரண்ட் நம்ம உடம்பு வழியா தரைக்கு இறங்கிடும். இதை நாலு கட்டப் படமா வரைஞ்சா பொடிசுக்கும் புரியும்.

பிரான்சு விஞ்ஞானி ழான்-பியேர் பெத்தி 1980-லேயே இயற்பியலைப் படக்கதையாகப் போட்டார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் மண்டை ஓடு போர்டு மட்டும் போதுமா?

மழைக்கு முன்னாடி, நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் மின்துறை ஒரு படக்கதை வரையட்டும். பெயிண்ட் செலவு பெரிசா, உசுரு பெரிசா?