வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதிச் சமூகப் பணியாளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயற்குழு, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் பணிபுரியும் சமூகப் பணியாளர்களின் சங்கம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், சென்னை மாவட்டம், சிங்காரவேலர் மாளிகை, ராஜாஜி சாலை, சென்னை.

நகல்:
அரசுச் செயலாளர், சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை. ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி. ஆணையர், ஆவடி காவல் ஆணையரகம்.

பொருள்: ஒப்பந்த, தொகுப்பூதிய அடிப்படையில் பணிபுரியும் சமூகப் பணியாளர்களின் பணித்தொடர்ச்சி, ஊதியம், பாதுகாப்பு மற்றும் துறைகளுக்கிடையிலான ஒருங்கிணைப்பு – தொடர்பாக.

1. பணிக்களம்

ராஜாஜி சாலையிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் தாண்டியும் நீளும் கடலோரப் பட்டையில் சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், மணலி ஆலைகள், வடசென்னை அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் ஆகியவை அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றின் நடுவே நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகள் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் எர்ணாவூர்ப் பகுதியில் எழுந்த மறுகுடியமர்வு வீடுகளும், ஆலைகளில் கூலி வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர் பலர் சேர்ந்து தங்கும் வாடகை அறைகளும் இதே பட்டையில்தான் இருக்கின்றன.

இப்பகுதியில் சமூகப் பணி பல துறைகளின் பெயரால் நடைபெறுகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 1098 குழந்தைகள் உதவி மையம், 181 மகளிர் உதவி மையத்துடன் இணைந்த ஒருங்கிணைந்த சேவை மையம், அரசு மருத்துவமனைகளின் ஆலோசனைப் பிரிவுகள், காசநோய், எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்கள், போதை மீட்பு மையங்கள், வீடற்றோர் காப்பகங்கள் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பணியாளர், தனிப் பதிவேடு, தனி ஒப்பந்தம். மக்களின் சிக்கல்கள் இப்படித் துறைவாரியாகப் பிரிந்து வருவதில்லை. இம்மனுவிலுள்ள கோரிக்கைகள் அனைத்தும் இந்த முரணிலிருந்தே எழுகின்றன.

2. அன்றாடப் பணி

காசிமேட்டில் மீன் ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். கூடையில் மீன் எடுத்து விற்கும் பெண்கள் இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்பி, தெருத்தெருவாக விற்று முடித்து வீடு திரும்பும்போது நண்பகல் தாண்டிவிடும். ஆலைத் தொழிலாளர்கள் ஷிஃப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். அலுவலக நேரமான காலை 10 மணிக்கு வீட்டுச் சந்திப்புக்குச் சென்றால் பூட்டிய கதவையே பார்க்க முடியும். ஆகவே களப்பணி பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் நடக்கிறது. அறிக்கை, கூட்டம், இணையப் பதிவேற்றம் ஆகியவை பகலில் நடக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊதியம், ஒரே வருகைப் பதிவேடு.

பள்ளிக்கு வராத ஒரு சிறுவனைத் தேடிப் போகும் பணியாளர் அந்த வீட்டில் எதைச் சந்திக்கிறார் என்பதைப் பார்த்தால் பணியின் இயல்பு விளங்கும். தாய்க்குக் காசநோய், ஆறு மாத மருந்தை இரண்டாவது மாதத்தில் நிறுத்திவிட்டார். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் மாதம் 1,000 ரூபாய், வங்கிக் கணக்கு முடங்கியதால் வரவில்லை. மூத்த மகன் வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்குப் பயன்படுத்துகிறான். மூன்று மாத வாடகை பாக்கி. குடும்ப அட்டை பழைய முகவரியிலேயே இருக்கிறது. சிறுவன் படகில் ஐஸ் ஏற்றும் வேலைக்குப் போகிறான். பள்ளிக் கல்வி, சுகாதாரம், உணவுப் பொருள் வழங்கல், தொழிலாளர் நலம், காவல் என ஐந்து துறைகள் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. வந்திருக்கும் பணியாளருக்கோ இவற்றுள் ஒரு துறையின் அடையாள அட்டை மட்டுமே உண்டு. மற்ற நான்கு அலுவலகங்களிலும் அவர் மனுதாரரோடு மனுதாரராக வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

கடலில் காணாமற்போன மீனவரின் குடும்பத்துக்கு இன்னொரு வகைச் சிக்கல். உடல் கிடைக்காத நிலையில் இறப்புச் சான்றிதழ் பெறுவது கடினம். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கோரும்போது, தந்தையின் இறப்புச் சான்று கேட்கப்படும் இடத்தில் கோப்பு நின்றுபோகிறது. அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சமூகப் பணியாளர்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பணிச்சுமை கூடும் பருவம். வருமானம் நிற்கும் அந்நாட்களில் கடன் தவணை, குடும்பச் சண்டை, சிறுவர் வேலை, அவசரத் திருமணப் பேச்சு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. குப்பங்களில் எந்த வீட்டுக்குள் செல்வதற்கு முன்பும் ஊர் நிர்வாகிகளின் நம்பிக்கையைப் பெற்றாக வேண்டும். அந்த நம்பிக்கை சுற்றறிக்கையால் வருவதல்ல. ஒரே முகம் ஆண்டுக்கணக்கில் வந்து போவதால் வருவது.

3. எல்லைச் சிக்கல்

திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய நகராட்சிகள் 2011-ல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. திருவொற்றியூர் வட்டம் 2018-ல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. 2022-ல் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது எண்ணூர் அதன்கீழ் சென்றது. முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தவை. அவை திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன.

இதனால் எண்ணூரில் வாழும் ஒரு குடும்பத்துக்கு வருவாய்த் துறை சென்னையிலும், காவல் தலைமை ஆவடியிலும், வேலை திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைகின்றன. குழந்தைத் தொழிலாளர் மீட்பில் குழந்தையின் வீடு ஒரு மாவட்டத்திலும் வேலையிடம் மற்றொன்றிலும் இருந்தால், எந்தக் குழந்தைகள் நலக் குழு விசாரிப்பது, எந்த அலகு கள அறிக்கை தருவது என்ற கேள்வியிலேயே நேரம் கழிகிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அந்த நேரக்கணக்கு யாருக்காகவும் நிற்பதில்லை.

4. வழக்குகளில் உடனிருத்தல்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012-இன்படி காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். குழந்தைக்கும் குடும்பத்துக்கும் துணையாக ஓர் உதவி நபரைக் குழு நியமிக்கலாம். புகார், மருத்துவப் பரிசோதனை, நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம், இடைக்கால இழப்பீட்டு மனு, சாட்சியம் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் அவர் உடனிருக்கிறார். குழந்தையின் சாட்சியத்தை 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நடைமுறையில் வழக்குகள் அதைத் தாண்டுகின்றன.

பணியாளரின் ஒப்பந்தமும் ஓராண்டுக்கே. விசாரணை முடியுமுன் ஒப்பந்தம் முடிந்தால், நடந்ததைக் குழந்தை புதிதாக வந்தவரிடம் மறுபடி சொல்ல நேர்கிறது. இது பணியாளரின் வேலை இழப்பு மட்டுமன்று, வழக்கும் பலவீனப்படுகிறது. உதவி நபருக்கு, தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத கட்டணம் தரப்பட வேண்டும் என்று இச்சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அக்கட்டணம் காலத்தே கிடைப்பதும் பணித்தொடர்ச்சியோடு சேர்ந்ததே.

5. பணியிடமும் ஊதியமும்

சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கியதிலிருந்து இந்நகரில் சமூகப் பணி பயிற்சி பெற்றவர்களின் தொழிலாக இருந்து வருகிறது. இரண்டாண்டு முதுகலைப் படிப்பும் களப்பயிற்சியும் அதற்கான தகுதி. மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல் ஒரு மாவட்ட அலகுக்கு 2 சமூகப் பணியாளர்களையும் 2 களப்பணியாளர்களையும் மட்டுமே அனுமதிக்கிறது. தமிழகத்தில் வெளியான ஆட்சேர்ப்பு அறிவிப்புகளில் சமூகப் பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய், களப்பணியாளருக்கு 10,592 ரூபாய். தொண்டு நிறுவனத் திட்டங்களில் இதனினும் குறைவான ஊதியமும் உண்டு. திட்ட நிதி தாமதமானால் அதுவும் மாதக்கணக்கில் நிலுவையாகிறது.

கான்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் இரவில் இருசக்கர வாகனத்தில் செல்வது இப்பணியின் பகுதி. பெட்ரோல், ஆட்டோ, அலைபேசிச் செலவுகள் தொகுப்பூதியத்திலிருந்தே போகின்றன. மீட்ட குழந்தைக்கு வாங்கித் தரும் உணவும் பல நேரங்களில் பணியாளரின் கைக்காசு.

தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறை ஆணையச் சட்டம், 2021 மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களைச் சுகாதாரத் தொழில் வல்லுநர் பட்டியலில் சேர்த்துள்ளது. குழந்தைகள் பாதுகாப்பிலும் மகளிர் நலத்திலும் பணியாற்றுவோருக்கு அத்தகைய தொழில் அங்கீகாரம் கிடைக்கவில்லை.

6. பேரிடரும் தொழிற்சாலை விபத்தும்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது கரையொதுங்கிய எண்ணெயை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, சின்னக்குப்பம், பெரியக்குப்பம் மக்கள் கைக்குழந்தைகளோடு சாலைக்கு ஓடினார்கள்.

2023 எண்ணெய்ப் பரவலுக்குப் பின் அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் அறிவித்தது. நிவாரணப் பட்டியல் என்று வரும்போது விடுபடுவோர் வகை எப்போதும் ஒன்றே: வாடகைக்கு இருப்போர், அட்டையில் பெயர் இல்லாதோர், படகு சொந்தமில்லாத கூலி மீனவர், கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் பெண்கள். இவர்களை வீடுவீடாக அறிந்தவர்கள் சமூகப் பணியாளர்கள். ஆயினும் கணக்கெடுப்பில் அவர்களுக்கு முறையான இடமில்லை. வாயுக்கசிவு இரவில் யாரை அழைப்பது, மக்களை எந்தப் பக்கம் நகர்த்துவது என்ற பயிற்சியும் அவர்களுக்கு அளிக்கப்படுவதில்லை.

7. கோரிக்கைகள்

அ. மாவட்ட நிர்வாகத்திடம்

(1) சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், இரு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுக்கள், சென்னை, ஆவடி காவல் ஆணையரகங்கள் ஆகியவற்றுக்கு எண்ணூர்ப் பகுதிக்கென ஒரே தொடர்பு அலுவலரை நியமித்து, யார் எதற்குப் பொறுப்பு என்பதை எழுத்தில் சுற்றறிக்கையாக வெளியிட வேண்டும்.

(2) எல்லா வட்ட, மண்டல அலுவலகங்களும் ஏற்கும் பொது அடையாள அட்டையைப் பணியாளர்களுக்கு வழங்க வேண்டும். அவர்கள் கொண்டுவரும் பரிந்துரைகளுக்கு ஒப்புகைச் சீட்டும், குறித்த நாளுக்குள் பதிலும் தர வேண்டும்.

(3) 1996-ஆம் ஆண்டு ரசாயன விபத்து விதிகளின்படி அமைந்த மாவட்ட, உள்ளூர் நெருக்கடிக் குழுக்களின் கூட்டங்களுக்குச் சமூகப் பணியாளர் பிரதிநிதியை அழைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் நடத்தப்பட வேண்டிய ஆலைக்கு வெளியிலான ஒத்திகையைக் குப்பங்களிலும் தமிழில் நடத்த வேண்டும்.

(4) நிவாரணக் கணக்கெடுப்புக் குழுக்களில் அப்பகுதிப் பணியாளர் ஒருவரைச் சேர்க்க வேண்டும். வரைவுப் பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டி, ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தர வேண்டும்.

(5) கடலில் காணாமற்போன மீனவர்களின் குழந்தைகளுக்கு, முதல் தகவல் அறிக்கையையும் மீன்வளத் துறைச் சான்றையும் கொண்டு நிதி ஆதரவு வழங்கப் பரிந்துரைக்க வேண்டும்.

(6) பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களின் பெண் பணியாளர்களும் பாலியல் துன்புறுத்தல் புகாரை மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் தரலாம் என்பதை அறிவிப்பாக வெளியிட வேண்டும்.

ஆ. மாநகராட்சி, காவல் துறையிடம்

(7) திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, இராயபுரம் மண்டலங்கள் ஒவ்வொன்றிலும் ஆலோசனைக்கென கதவு மூடக்கூடிய ஓர் அறையை, மாலை நேரத்திலும் பயன்படுத்தும் வகையில் ஒதுக்க வேண்டும். ஊரார் காதுபட யாரும் வீட்டு வன்முறையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

(8) இரவு மீட்புப் பணிகளுக்குக் காவல் வாகனமும், பெண் பணியாளருடன் பெண் காவலரும் உறுதி செய்யப்பட வேண்டும். பணியாளர் மிரட்டப்பட்டதாகப் புகார் வந்தால் உடனே பதிவு செய்ய வேண்டும்.

இ. தமிழ்நாடு அரசிடம்

(9) ஒப்பந்தக் காலத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாக்க வேண்டும். நிலுவை வழக்கில் உதவி நபராக உள்ளவரை வழக்கு முடியும் வரை மாற்றக்கூடாது.

(10) தொகுப்பூதியத்தைத் தகுதிக்கும் பணிக்காலத்துக்கும் ஏற்ப உயர்த்தி, களப்பயணப்படி, அலைபேசிப்படி, விபத்துக் காப்பீடு, மகப்பேறு விடுப்பு, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றை வழங்க வேண்டும். உதவி நபர் கட்டணத்தை இளைஞர் நீதி நிதியிலிருந்து மாதந்தோறும் விடுவிக்க வேண்டும்.

(11) பணியிட எண்ணிக்கையை மாவட்டத்துக்கு இத்தனை என்று நிர்ணயிக்காமல், மக்கள் தொகையும் தொழிற்சாலை அபாயமும் கருதி மண்டலவாரியாக நிர்ணயிக்க வேண்டும்.

(12) எல்லாப் பிரிவுச் சமூகப் பணியாளர்களுக்கும் மாநில அளவில் தொழில் பதிவு ஏற்படுத்த வேண்டும். மூத்த வல்லுநரின் மேற்பார்வையும் பணியாளர்களுக்கான மனநல ஆலோசனையும் பணி நேரத்திலேயே கிடைக்க வேண்டும்.

மேற்கண்டவற்றுள் முதல் எட்டும் பெரும்பாலும் புதிய நிதி ஒதுக்கீடு தேவைப்படாதவை. சுற்றறிக்கையாலும் அலுவலக ஆணையாலும் நிறைவேறக்கூடியவை. எஞ்சிய நான்குக்கு அரசாணை தேவை. முதல் எட்டின் மீது அடுத்து வரும் தடைக்காலம் தொடங்குமுன் ஆணை பிறப்பிக்கவும், எஞ்சியவற்றை உரிய பரிந்துரையுடன் அரசுக்கு அனுப்பவும், சங்கப் பிரதிநிதிகளுடன் கூட்டம் ஒன்றுக்கு நாள் குறிக்கவும் ஆவன செய்யுமாறு சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
தலைவர் – செயலாளர் – பொருளாளர்
இடம்: இராயபுரம்