ஐ.சி.யூ. வாசலில் ஒற்றைக் கையெழுத்து

இரவு பதினொன்றரை மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு பாதி திறக்கிறது. நோயாளியின் பெயரைச் சொல்லி, "அட்டெண்டர் யாருங்க?" என்று கேட்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்த மகன் எழுந்து ஓடுகிறார். "மூச்சுத் திணறல் அதிகமாயிருக்கு. ட்யூப் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும். சம்மதம்னா இங்க கையெழுத்துப் போடுங்க." அவர் திரும்பிப் பார்க்கிறார். "நீயே பார்த்துச் செய்யிப்பா" என்கிறார் அம்மா. தங்கை வீட்டுக்காரர் தெரிந்த டாக்டர் ஒருவரைப் போனில் பிடிக்கப் பார்க்கிறார், எடுக்கவில்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நேரமில்லை. படித்தாலும் பாதி ஆங்கிலம். கையெழுத்து விழுகிறது.

அப்பா பிழைத்து எழுந்துவிட்டால் அந்தத் தாளை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிழைக்காவிட்டால் அந்த மகனுக்கு மறக்காது. போடாமல் இருந்திருந்தால் வலியில்லாமல் போயிருப்பாரோ, முதல் நாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமோ என்று வருடக்கணக்கில் மனசுக்குள் ஓடும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர் யாராவது அதையே வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள்.

ஓர் உயிரைப் பற்றிய முடிவை இப்படி ஒரே ஆளின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, மருத்துவமனையும் உறவும் அரசும் ஊரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நிற்பதை நாம் வழக்கமாக்கிவிட்டோம். இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். பலரும் பங்கெடுத்தால்தான் இந்தச் சிகிச்சையே நடக்கும் என்பதற்கு அது பிறந்த கதையைப் பார்த்தால் போதும்.

1952ஆம் ஆண்டு டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் தலைவிரித்தாடியது. அங்கிருந்த பிளெக்டாம் மருத்துவமனையில், மூச்சுத் தசைகள் செயலிழந்து சேர்ந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். சுவாசக் கருவிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், சாகக்கிடந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். ஆனால் வார்டு முழுக்கக் கிடந்த மற்றவர்களுக்கு இரவும் பகலும் பையை அழுத்துவது யார்? மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். சுமார் 1,500 பேர், முறை வைத்துக்கொண்டு, கட்டில் அருகே உட்கார்ந்து மாதக்கணக்கில் அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு அதே நகரில் இப்சன் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் ஐ.சி.யூ. என்கிறார்கள்.

இன்று அந்த இடத்தில் இயந்திரம் நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, படுக்கையும் வென்டிலேட்டரும் எத்தனை என்று எண்ணிக் காட்டினால் தீவிர சிகிச்சை கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். திறப்பு விழாக் கல்வெட்டில் படுக்கை எண்ணிக்கை இருக்கும். செவிலியர் எண்ணிக்கை இருக்காது.

கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட ஒன்றைப் பார்க்கலாம்: நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது. 2013இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மல்லாந்த நிலையிலேயே சிகிச்சை பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் சுமார் 33 சதவீதம். நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்களில் 16 சதவீதம். இதற்கு மருந்துச் செலவு கிடையாது. ஆள் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாயையும் கழுத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அது நழுவினால் நிமிடங்களில் உயிர் போகும். பக்கத்துக்கு இருவராக நால்வர் படுக்கை விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். கழுத்து ரத்தக்குழாயில் போட்ட சென்ட்ரல் லைன் இழுபடக் கூடாது, சிறுநீர்ப் பை சிக்கக் கூடாது. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை வைத்து, கண் உலராமல் களிம்பு தடவி இமையை மூடி ஒட்டி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை முகத்தை மாற்றித் திருப்பிவைக்க வேண்டும். ஒரு செவிலியர் மூன்று நான்கு பேரைப் பார்த்துக்கொள்ளும் இரவில் இதை எப்படிச் செய்வார்கள்? வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பதுதான் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் வலியுறுத்தும் கணக்கு. தொகுப்பூதியச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்காரும்போது, அது அவர்களுடைய சம்பளப் பிரச்சினை என்று நாம் கடந்துபோகிறோம். நம் வீட்டு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் கைகளைப் பற்றிய பிரச்சினை அது.

கைகள் இருந்தால் மட்டும் போதாது, அவற்றுக்கு வாயும் வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் என்ற மருத்துவரின் குழு ஒரு முயற்சி செய்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. சென்ட்ரல் லைன் போடும்போது செய்ய வேண்டியவை ஒரு சிறிய பட்டியல்: கையைக் கழுவு, தோலைக் கிருமிநாசினியால் துடை, முழுத் துணி போர்த்து, முடிந்தவரை தொடைப் பகுதியைத் தவிர், தேவையில்லாத லைனை எடுத்துவிடு. எல்லா மருத்துவருக்கும் தெரிந்ததுதான். புதுமை என்னவென்றால், மருத்துவர் ஒன்றை விட்டுவிட்டால் செவிலியர் அவரை நிறுத்தலாம் என்ற அதிகாரம். லைன் வழியாக ரத்தத்தில் கிருமி பரவுவது பெருமளவு குறைந்தது; பாதிக்கு மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. நம் ஊரில் இரண்டு வருட அனுபவமுள்ள செவிலியர், பெரிய டாக்டரைப் பார்த்து "சார், கை கழுவலை" என்று சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் எந்த வார்டில் இருப்பார்? சொல்பவருக்குத் துணை நிற்பதாக மருத்துவமனை நிர்வாகம் எழுத்தில் உறுதி தர வேண்டும். அதற்கு அரசாணையெல்லாம் தேவையில்லை, டீனோ முதன்மை மருத்துவரோ மனசு வைத்தால் போதும்.

மருத்துவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். "48 மணி நேரம் போகட்டும்", "கஷ்டம்தான், பார்க்கலாம்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். ஆனால் வெளியே நிற்பவருக்கு அந்த இரண்டு வரிதான் நாள் முழுக்கச் சாப்பாடு. அதை வைத்துக்கொண்டு ஒருவர் பிழைத்துவிடுவார் என்கிறார், இன்னொருவர் காசுக்காக இழுத்தடிக்கிறார்கள் என்கிறார். நாளுக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில், உட்கார்ந்து பேச வேண்டும்: நேற்றைக்கு இன்று எப்படி, அடுத்து என்ன செய்யப்போகிறோம், எது நடந்தால் நல்ல அறிகுறி, எது நடந்தால் யோசிக்க வேண்டும். கூடவே செவிலியரும் இருக்க வேண்டும். குடும்பம் பல கேள்விகளை அவரிடம்தான் கேட்கத் துணியும். பேசியதைத் தமிழில் நாலு வரி எழுதி, மருத்துவர், செவிலியர், குடும்பத்தில் இருவர் என எல்லோரும் கையொப்பமிட்டால், எடுத்த முடிவு எல்லோருடையதும் ஆகும். கதவோரம் நின்றுகொண்டு பேசாமல், ஐ.சி.யூ.வுக்குப் பக்கத்தில் ஐந்து நாற்காலி போட்ட ஓர் அறை வேண்டும். ஸ்டோர் ரூமைக் காலி செய்தாவது அதை உண்டாக்கலாம்.

பேச்சு அறுந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் பார்த்தோம். தாயின் புற்றுநோய்ச் சிகிச்சை மீதான கோபத்தில் ஓர் இளைஞர் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். எந்த வருத்தமும் அந்தச் செயலை நியாயப்படுத்தாது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. தாக்குதலுக்குப் பயந்த மருத்துவர் கடினமான நோயாளியைச் சேர்க்காமல் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவார். வழியில் போவது இன்னொரு வீட்டு உயிர்.

அடுத்து பணம். தனியார் மருத்துவமனையில் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, அதுவும் தீர்ந்த பிறகு "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்று குடும்பம் கிளம்புகிறது. ஆம்புலன்ஸில் யாரோ ஒருவர் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வர, மூச்சு இருக்கும்போதே வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று விரைகிறார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் அது உறவினர் விருப்பத்தின் பேரில் வெளியேறியதாக இருக்கும். கையில் காசு தீர்ந்ததை விருப்பம் என்று பதிவு செய்வது நியாயமா? சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. நல்ல திட்டம். அதே அக்கறை கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்து வருபவருக்கும் பாம்பு கடித்து வருபவருக்கும் நீள வேண்டும். அவர்களுக்கும் முதல் சில மணி நேரம்தான் உயிர்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். கல்யாணச் செலவு, நிலம் பிரிப்பது எல்லாம் பேசுகிறோம். நினைவு தப்பிப் படுத்துவிட்டால் எனக்கு எது வரைக்கும் செய்ய வேண்டும் என்று பேசுவதில்லை. பேசினால் நடந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தின் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

சட்டம் இதற்கு வழி திறந்திருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973இல் நடந்த கொடூரத் தாக்குதலுக்குப் பின் 2015இல் இறக்கும்வரை நினைவின்றிக் கிடந்தார். அவருக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2011இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவர் சார்பில் பேசும் உரிமை ஆண்டுக்கணக்கில் அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவந்த அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. உடனிருந்து பார்த்தவர்களுக்கே பேச்சுரிமை என்ற அந்தப் பார்வை முக்கியமானது. 2018 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குணமாகும் வழியில்லாத நிலையில் உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்போ கெஜட்டட் அதிகாரி முன்போ கையெழுத்திட்டால் போதும். கருவியை விலக்கும் முன் மும்மூன்று மருத்துவர் கொண்ட இரண்டு குழுக்கள் தனித்தனியே பார்க்க வேண்டும். கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். எழுதிவைக்காதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு.

ஒரு மனிதரோ ஒரு மருத்துவரோ தனியாக முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டாம் குழுவுக்கான மருத்துவர் பட்டியல் தயாராக இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கேட்டாலும் கிடைக்க வேண்டும். இது முதியவர்களைக் கைகழுவும் வழியாகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. சொத்துத் தகராறுகளைப் பார்த்திருக்கும் நமக்கு அந்த அச்சம் பொய்யாகத் தோன்றாது. அதற்காகத்தான் இரண்டு குழுக்கள். இருட்டில், எழுத்தில்லாமல், காசு தீர்ந்ததும் நடப்பதைவிட வெளிச்சத்தில் பலர் முன்னிலையில் நடப்பது பாதுகாப்பானது.

நம் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானம் செய்தபோது தமிழ்நாடே நிமிர்ந்து பார்த்தது. அன்றைக்குப் பெரும்பாலோருக்குப் புரியாத மூளைச்சாவு பற்றி இன்று டீக்கடையில் விளக்கிச் சொல்கிறார்கள். கொடையாளர்களுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று 2023இல் அறிவிப்பும் வந்தது.

ஐ.சி.யூ.வுக்குப் போகாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சளிக்கும் காய்ச்சலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வேளைக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குகிறோமே, அதிலும் இருக்கிறது. அப்படி உருவாகும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றி 2010இல் உலகை உலுக்கிய ஆய்வில் சென்னையிலிருந்து சென்ற மாதிரிகளும் இருந்தன. 2012இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி எச்சரித்த அறிக்கைக்கே சென்னைப் பிரகடனம் என்றுதான் பெயர். கடைசிக் கட்டத்தில் ஐ.சி.யூ.வில் கொடுக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிப் பண்ணைகளில் வளர்ச்சிக்காகக் கொடுத்துவந்தார்கள். 2019இல்தான் மத்திய அரசு தடை செய்தது. நாம் வீணடித்த மருந்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு வேலை செய்யாமல் போகிறது.

பிழைத்து வீடு திரும்பியவர்களை யாரும் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு வாரம் வென்டிலேட்டரில் இருந்தவருக்குத் தொடைத் தசை கரைந்து, சொந்தக் கழிப்பறைக்கு நடக்கத் தெம்பிருக்காது. இரவில் பயங்கரக் கனவு வரும், ஞாபகம் பிசகும். குடும்பம் அதைச் சோம்பல் என்றோ மனப்பிரமை என்றோ எடுத்துக்கொள்ளும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவர்களும் வலி நிவாரணச் செவிலியர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, ஐ.சி.யூ.விலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவர் பெயரும் அதே வாரத்தில் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்கே கொண்டுபோய்விட முடிவெடுத்த நோயாளியின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அவருக்கு மார்ஃபின் கொடுக்கத் தெரிந்த செவிலியர் அன்று மாலையே வரும்படி.