உட்கார ஒரு முக்காலி

தீபாவளிக்கு முந்தைய வாரம். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் மூன்றாம் தளம். புடவைகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். நிறத்தை வெளிச்சத்தில் பார்க்க மேசையின் ஓரம் போனபோதுதான் அவள் கால்கள் கண்ணில் பட்டன. ஒரு பாதத்தைச் செருப்பிலிருந்து உருவி, மறு காலின் கெண்டைச் சதையில் தேய்த்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றுவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. "இன்னும் ரெண்டு காட்டட்டுமாக்கா?" என்ற சிரிப்பு அப்படியே இருக்கும். நாங்கள் உட்கார மெத்தை வைத்த பெஞ்சு இருந்தது. அவள் உட்கார எதுவும் இல்லை.

இது 2021க்கு முன்பு. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தமிழக சட்டமன்றம் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு சிறு பிரிவைச் சேர்த்தது: வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை இருக்க வேண்டும். 2010இல் ஜவுளிக் கடை ஊழியர்களின் அவலத்தைக் காட்டிய 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துக் கண்கலங்கிய ஊர் இது. கண்கலங்கிப் பதினோரு ஆண்டுகள் கழித்துச் சட்டம் வந்தது.

இன்னும் பின்னால் போனால் தாமதத்தின் அளவு புரியும். கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று இங்கிலாந்து 1899இலேயே சட்டம் போட்டது. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவர்களுக்கு உட்காரும் வசதி வேண்டும் என்றது. ஆலைக்குத் தேவை என்று அன்றே ஒப்புக்கொண்ட முக்காலி, கடைக்குள் வர இன்னும் எழுபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. நூறு ரூபாய்ச் சேலை விற்ற கடை நாலு மாடியாக வளர்ந்த காலமும் அதுதான். காசு இல்லாமல் யாரும் முக்காலி போடாமல் இருக்கவில்லை.

நம் ஊரில் நிற்பது வெறும் நிற்பது அல்ல. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணையார் முன் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். யார் உட்காரலாம், எதில் உட்காரலாம் என்பதை வைத்தே இங்கே மனிதனை அளந்திருக்கிறார்கள். பள்ளியில் அம்பேத்கர் உட்கார்ந்த சாக்குத் துணியை அவரே தினமும் வீட்டுக்குச் சுமந்துபோக வேண்டியிருந்தது. பள்ளி வேலையாள் அதைத் தொடமாட்டார். வெளிநாட்டில் படித்துத் திரும்பி, 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த பிறகும், ஆசிரியர்களுக்கு வைத்திருந்த தண்ணீரை அவர் எடுத்துக் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் மறுப்புச் சொன்னார்கள். நியமன உத்தரவு இருந்தது, சம்பளம் வந்தது, மாணவர்கள் விரும்பிக் கேட்டார்கள். ஆனாலும் ஒரு வாய்த் தண்ணீருக்குத் தடை. அந்த மனிதர்தான் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். ஆலைகளில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற வரம்பு அவர் பொறுப்பிலிருந்தபோது வந்தது. பழங்கதை என்று யாராவது சொன்னால், 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து வந்த புகைப்படத்தை நினைவூட்டுவேன். ஊராட்சி மன்றக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில். தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலினத் தலைவி தரையில்.

வேலை கிடைத்தாலும் சமமான இடம் கிடைத்துவிடாது என்ற இந்தப் பாடத்தைத்தான் சென்னைத் தொழிலாளர் வரலாறும் சொல்கிறது. 1918 ஏப்ரலில் பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர்ப் பக்கத்துப் பின்னி ஆலைகளின் தொழிலாளர்கள் அவரிடம் கொண்டுவந்த முதல் குறைகளில் ஒன்று, மதியம் கைகால் கழுவி நிம்மதியாகச் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது. எவ்வளவு சிறிய விருப்பம்! ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஒரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஒரே வாசலில் நுழைந்தவர்கள் அவர்கள். ஒரே கூரையின்கீழ் வேலை பார்ப்பதாலேயே ஒட்டுறவு வந்துவிடாது என்பதை இந்த நகரம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரத்தம் சிந்திக் கற்றது. கற்றதை நாம் மறந்திருக்கக் கூடாது.

உட்காரும் உரிமையை வாங்கித் தந்தவர்கள் யார்? கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்களுக்கு அப்போது கழிப்பறையே இருக்கவில்லை. அதனால் காலையிலிருந்து இரவுவரை தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். தையல் தொழிலாளியான விஜி 2009இல் அவர்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு இருக்கை. திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடையின் விற்பனைப் பெண்கள் நூறு நாளுக்கும் மேல் கடைக்கு வெளியே உட்கார்ந்து போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று ஆண்டுகளில் தமிழ்நாடு பின்தொடர்ந்தது. நரம்புச் சுருட்டலால் காலில் நீலம் பாய்ந்த பெண்கள் இதைக் கேட்டுப் பெற்றார்கள். எந்த முதலாளியும் தானாக முன்வந்து தரவில்லை.

இன்று பெரிய அலுவலகங்கள் 'டைவர்சிட்டி' பேசுகின்றன. பேசட்டும், நல்லதுதான். ஆனால் வேலைக்கு எடுப்பது பாதிக் கிணறு. 2017இல் கொச்சி மெட்ரோ திருநங்கையரைப் பணியில் அமர்த்தியபோது நாடே பாராட்டியது. சில நாட்களிலேயே அவர்களில் சிலர் விலகினார்கள். வாடகைக்கு வீடு தர ஊரில் ஆள் இல்லை. வேலை கொடுத்த நிறுவனம் அவர்கள் இரவு எங்கே தூங்குவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். கண்ணாடிக் கட்டடங்களின் உள்ளே வண்ணப் பலகையில் 'நாம் எல்லாரும் ஒரே குடும்பம்' என்று எழுதியிருக்கும். துப்புரவு செய்யும் அக்கா மாடிப்படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். கான்டிராக்ட் ஆள் என்பார்கள். அந்த அக்காவுக்கு கேன்டீனில் ஒரு நாற்காலி கிடைக்காதவரை அந்தப் பலகையை நான் நம்பமாட்டேன்.

சட்டம் வந்தபின்னும் பல கடைகளில் முக்காலி மூலையில் அடுக்கியபடி கிடக்கிறது. கேட்டால், "உட்கார்ந்திருந்தா கஸ்டமர் மரியாதை இல்லன்னு நினைப்பாங்க" என்கிறார்கள். கஸ்டமர் என்பது நீங்களும் நானும்தான். இந்தத் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணிடம், மேலாளர் காதில் விழும்படியாகவே சொல்லுங்கள்: "நீ உட்காரும்மா, நாங்க மெதுவா பாக்குறோம்."