சாலையில் மாடு நின்றால் செல்பேசி சொல்லும்; மனிதர் நின்றால்?

2025 மே மாதத் தொடக்கத்தில், குண்டடம் – தாராபுரம் சாலையில் பாலம் கட்டத் தோண்டிப்போட்டிருந்த பள்ளத்தில் இரவு நேரத்தில் ஒரு பைக் விழுந்தது. கணவனும் மனைவியும் இறந்துபோனார்கள். உடன் வந்த மகள் படுகாயத்தோடு பிழைத்தாள். முன்னால் பள்ளம் இருக்கிறது என்று வருகிறவருக்குச் சொல்லப் போதுமான தடுப்பு இல்லை, எச்சரிக்கை இல்லை என்பதுதான் அப்போது எழுந்த குற்றச்சாட்டு.

அதே மே மாதம் 19ஆம் தேதி, அதே திருப்பூர் மாவட்டத்தில், காரைப்புதூர் சாயப்பட்டறை ஒன்றின் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று பட்டியல் சமூகத் தொழிலாளர்கள் நச்சுவாயுவால் இறந்தார்கள். முதல் செய்தி 'சாலை விபத்து' என்ற தலைப்பில் போனது, இரண்டாவது 'விஷவாயு மரணம்' என்று போனது. இரண்டு குழிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. சாலையில் குழியை வெட்டுகிறவர், மூடுகிறவர், அதன் ஓரத்தில் நின்று சிவப்புத் துணி ஆட்டுகிறவர் யார் என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை ஒரு புதிய தொழில்நுட்பத்தின் வழியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சாலைப்பணி நடக்கும் இடத்தில், அம்புக்குறி விளக்குப் பலகையிலோ வேலை வண்டியிலோ ஒரு சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். விளக்கைப் போட்டதும் அந்தக் கருவி தான் நிற்கும் இடத்தை ஒரு கணினி மையத்துக்குத் தெரிவிக்கும். அங்கிருந்து தகவல் வழிகாட்டிச் செயலிகளுக்குப் போகும். அந்தச் சாலையில் வரும் ஓட்டுநரின் செல்பேசி, இடத்தை நெருங்குவதற்கு முன்பே, 'முன்னால் சாலைப்பணி' என்று வாய்விட்டுச் சொல்லும். விளக்கை அணைத்தால் எச்சரிக்கையும் நின்றுவிடும். அமெரிக்காவில் வேஸ் போன்ற செயலிகள் இப்படிப்பட்ட தகவலை வாங்கிக் காட்டுகின்றன. சாலைப்பணி விவரங்களை எல்லா மாநிலங்களும் ஒரே வடிவத்தில் வெளியிட அங்குள்ள ஒன்றிய போக்குவரத்துத் துறை பொது வரையறையே வகுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013லேயே ஒரு விதி கொண்டுவந்தது. சாலையில் செல்வோருக்குக் கட்டணமில்லாமல் தெரிவிக்க வேண்டிய 8 வகை ஆபத்துகளை அது பட்டியலிட்டது. அவற்றில் ஒன்று, சிறிது நேரமே நடக்கும் சாலைப்பணி. இது முக்கியம். ஆறு மாதம் நடக்கும் பாலம் வேலையை எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து அடைப்பெடுக்கும் வேலைதான் யாருக்கும் தெரியாமல் நடந்து முடிகிறது.

நம் நாட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. 2022இல் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் மேப்மைஇந்தியா நிறுவனமும் சேர்ந்து ஒரு இலவச வழிகாட்டிச் செயலியை வெளியிட்டன. விபத்து மிகுந்த இடம், வேகத்தடை, அபாயகரமான வளைவு, குழி என்று அது எச்சரிக்கும். 2023இல் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை, மெட்ரோ வேலைகளால் மூடப்படும் சாலைகளையும் மாற்றுப்பாதைகளையும் உடனுக்குடன் கூகுள் மேப்பில் ஏற்ற 'ரோடு ஈஸ்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. 2025 டிசம்பரில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஜியோவோடு ஒப்பந்தம் போட்டது. இதற்குத் தனிச் செயலிகூடத் தேவையில்லை. குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், அவசர அழைப்பு வழியாகவே எச்சரிக்கை வரும். எதற்கெல்லாம் வரும்? விபத்துப் பகுதிகள், மாடுகள் திரியும் இடங்கள், மூடுபனி, அவசர மாற்றுப்பாதை. அறிவிப்பில் எடுத்துச் சொன்னவை இவை.

மாட்டைச் சேர்த்ததில் எனக்கு வருத்தமில்லை. மாட்டில் மோதினால் பைக்கில் வருகிறவர் சாவார், மாடும் சாகும். ஆனால் அந்தப் பட்டியலை எழுதிய மேசையில், 'சாலையில் வேலை செய்துகொண்டிருக்கும் மனிதர்கள்' என்று ஒரு வரி சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே, அது ஏன்?

விடியற்காலை 5 மணிக்குத் திருப்பூரின் அவிநாசி சாலையிலோ பல்லடம் சாலையிலோ பி.என். ரோட்டிலோ நின்று பாருங்கள். இரவு ஷிப்ட் முடிந்த கம்பெனி வேன்கள் ஊர் ஊராக ஆள் இறக்கப் பறக்கின்றன. நூல் ஏற்றிய லாரி, சரக்கு ஏற்றிய கன்டெய்னர், முந்தைய நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு மறுபடியும் கிளம்பிவிட்ட பைக்குகள். இத்தனைக்கும் நடுவே துடைப்பமும் தள்ளுவண்டியுமாகச் சாலையோரம் பெருக்கிக்கொண்டு போகிற பெண்கள். மேலே ஒரு ஒளிரும் சட்டை, துவைத்துத் துவைத்து அதன் பட்டை ஒளிர்வதை நிறுத்தியிருக்கும். சேலம் – கொச்சி நெடுஞ்சாலைக்குப் போனால், நடுத்திட்டு அரளிச் செடிக்குத் தண்ணீர் விடும் லாரி வேகத்தடமான வலப்பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். குழாயைப் பிடித்தபடி ஒருவர், பின்னால் கொடி பிடித்தபடி ஒருவர். அந்தக் கொடிதான் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும்.

இந்தியச் சாலைக் காங்கிரசின் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி நூல் இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தை முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் மாறும் பகுதி, வேலைப் பகுதி, முடியும் பகுதி என்று நான்காகப் பிரித்து, எத்தனை மீட்டருக்கு முன்னால் எந்தப் பலகை, எத்தனை கூம்பு என்று அழகாக வரைந்து காட்டுகிறது. நம் ஊரில் அந்த நான்கு பகுதிக்கும் சேர்த்து ஒரு தார் டிரம், இரண்டு மணல் மூட்டை, தழையோடு ஒடித்துப்போட்ட ஒரு வேப்பங்கிளை. கிளையை ஒடித்துப் போடுகிறவர் வேலை செய்யும் தொழிலாளிதான். ஒப்பந்ததாரர் தராத எச்சரிக்கையை அவர் சாலையோர மரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

இந்த வேலைக்கு யார் வருகிறார்கள் என்பதைக் கொங்குப் பகுதியில் யாரும் விளக்க வேண்டியதில்லை. பெருக்குவதும் சாக்கடை அடைப்பெடுப்பதும் பெரும்பாலும் அருந்ததியர் தலையில் விழுகிறது. குழி வெட்டவும் தார் போடவும் பிற பட்டியல் சமூகத்தினரோடு இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். 'அருந்ததியர்தானே, கூம்பு வைக்க வேண்டாம்' என்று எந்தப் பொறியாளரும் கோப்பில் எழுதுவதில்லை. எழுதத் தேவையும் இல்லை. மாநகராட்சியிலிருந்து ஒப்பந்ததாரர், அவரிடமிருந்து துணை ஒப்பந்ததாரர், பிறகு மேஸ்திரி என்று வேலை இறங்கிவரும்போது, ஒவ்வொரு படியிலும் பாதுகாப்புக்கான பணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொள்கிறது. கடைசிப் படியில் நிற்பவருக்கு ஆபத்து மட்டும் வந்து சேர்கிறது. கடைசிப் படியில் யார் நிற்பார் என்பது டெண்டர் விடுவதற்கு முன்பே, பிறப்பிலேயே முடிவாகிவிட்டது.

இப்போதுதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில் 1997இல் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்களை அரசே வேலைக்கு எடுத்தது. 2002 செப்டம்பரில் அன்றைய அ.தி.மு.க. அரசு அவர்களை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பியது. 2006இல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இடையில் போன 41 மாதங்களைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லிச் சங்கம் எத்தனையோ போராட்டம் நடத்தியிருக்கிறது. பராமரிப்பு வேலையோ பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி மெல்ல மெல்ல நீண்டகாலத் தனியார் ஒப்பந்தங்களுக்குப் போய்விட்டது. அரசு ஊழியராக ஒரு பெயர்ப் பட்டியலில் இருந்தவர், ஒப்பந்தத்தில் ஒரு தலைக்கணக்காகிவிட்டார்.

செத்த பிறகும் அவர் கணக்கில் வருவதில்லை. ஒன்றிய அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி சாலை விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். இறந்தவர்களை அந்த அறிக்கை எப்படிப் பிரிக்கிறது? பாதசாரி, மிதிவண்டி, இருசக்கர வாகனம், ஆட்டோ, கார், லாரி, பேருந்து என்று, எதில் சென்றார் என்பதை வைத்து. சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவர் என்ற வகை கிடையாது. காலை 5 மணிக்குப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மீது லாரி ஏறினால், அந்தக் கணக்கில் அவர் பாதசாரி. நடந்து போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவர். பணியிட மரணம் என்ற ஒன்று நடக்கவே இல்லை. ஆய்வு மாணவனாக எண்களோடு உட்காருகிறவன் என்பதால் எனக்கு இதுவே பெரிய கோபம். எண்ணாத சாவுக்கு எந்தச் செயலியும் எச்சரிக்கை தராது, ஏனென்றால் எங்கே, எந்த நேரத்தில், என்ன வேலையின்போது செத்தார் என்ற தரவே அதனிடம் இருக்காது.

'தூய்மைப் பணியாளர் எங்கே நிற்கிறார் என்பதை நொடிக்கு நொடி அறிவது கடினம்' என்று ஒரு பதில் வரும். வரட்டும். நாக்பூர், சண்டிகர் போன்ற மாநகராட்சிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே தூய்மைப் பணியாளர் கையில் ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் கட்டிவிட்டன. எந்தத் தெருவில் நிற்கிறார், எத்தனை நிமிடம் நகராமல் இருந்தார், எல்லையைத் தாண்டினாரா என்பதெல்லாம் அலுவலகத் திரையில் தெரியும். அதை வைத்துச் சம்பளம் பிடிப்பார்கள். கழிவறைக்குப் போவதற்குக்கூட அஞ்ச வேண்டியிருக்கிறது என்று சண்டிகர் தொழிலாளர்கள் 2020இல் போராடினார்கள். ஆக, அந்தப் பெண் எந்த இடத்தில் நிற்கிறார் என்ற தகவல் இருக்கிறது. அது மேற்பார்வையாளரின் திரைக்குப் போகிறது. அவரை நோக்கி வந்துகொண்டிருக்கும் லாரி ஓட்டுநரின் செல்பேசிக்குப் போகவில்லை. கருவி அதே கருவி, செயற்கைக்கோள் அதே செயற்கைக்கோள். ஓய்வெடுத்தால் பிடிப்பதற்குப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு, உயிரோடு வைப்பதற்குப் பயன்படுத்தத் தோன்றவில்லை.

செயலியின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கையும் வேண்டாம். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கா ஆற்றுப் பாலத்தில் நடந்தது நினைவிருக்கும். வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துப் போயிருந்த பாலத்தை வழிகாட்டி வரைபடம் நல்ல பாலமாகவே காட்டியது. கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் மீதும், பெயர் குறிப்பிடாமல் கூகுள் மேப்ஸ் அதிகாரி மீதும் வழக்கு பதிந்தார்கள். ஊர் முழுக்கக் கூகுளைத்தான் பேசியது. பாலத்தின் வாயில் ஒரு சுவர் எழுப்பியிருந்தால் வரைபடம் என்ன சொன்னாலும் கார் நின்றிருக்கும் என்பது பின்னுக்குப் போய்விட்டது. நாளை இங்கும் ஒப்பந்ததாரர் நீதிமன்றத்தில், 'எச்சரிக்கை அனுப்பினோமே, அவர் செல்பேசியைப் பார்க்கவில்லை' என்று சொல்லக்கூடும். செயலி எச்சரிக்கை ஒருபோதும் தடுப்புக்கும் விளக்குக்கும் மாற்று ஆகாது, அதைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று விதியிலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று, தினமும் போகும் சாலைக்கு யாரும் மேப் போட்டுக்கொண்டு ஓட்டுவதில்லை. தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கு ஆள் ஏற்றிவரும் வேன் ஓட்டுநருக்கு அந்தச் சாலையின் ஒவ்வொரு மேடும் மனப்பாடம். பைக்கில் வருகிறவரின் செல்பேசி சட்டைப் பைக்குள் கிடக்கிறது. அதனால்தான் செயலியைத் திறக்காமலே வரும் எச்சரிக்கை இந்த ஊருக்குப் பொருந்தும். ஜி.பி.எஸ். பொருத்திய கம்பெனி வேன்களில் அதே கருவி வழியாகவே ஒலி எழுப்பலாம். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்லலாம். வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்காகத் தீயணைப்பானில் தேதி ஒட்டத் தெரிந்த ஏற்றுமதி நிறுவனங்கள், கேட்டுக்கு வெளியே தங்கள் வேன் யாரைக் கடந்து போகிறது என்பதற்கும் கொஞ்சம் செலவு செய்யட்டும்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. திருப்பூர் 2017இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த ஊர். சட்டமும் பெயரளவுக்கு இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு, சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் பாதுகாப்பு விதியை மீறி மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் அபராதம் விதிக்கிறது. அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. சாலையில் பெருக்கும்போது செத்தவர் பாதசாரிதானே, அவருக்கு அந்த 30 லட்சமும் இல்லை.

மாநகராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் சங்கங்கள் கேட்க வேண்டியதை நேரடியாகச் சொல்கிறேன். சாலையை வெட்ட அனுமதி கொடுக்கும்போதே அந்த இடமும் நேரமும் வரைபடத்தில் ஏற வேண்டும்; ஏறாத வேலைக்குப் பில் பாஸ் ஆகக் கூடாது. பெருக்கும் வேலையும், மூடி திறக்கும் வேலையும், செடிக்குத் தண்ணீர் விடும் வேலையும் 'சாலைப்பணி' என்ற சொல்லுக்குள் வர வேண்டும். ஜேசிபி நின்றால்தான் சாலைப்பணி என்ற எண்ணம் போக வேண்டும். விபத்துப் படிவத்தில் 'பணியில் இருந்தவர்' என்று ஒரு கட்டம் வேண்டும். இந்தக் கருவி தரும் இருப்பிடத் தகவலை வருகைப் பதிவுக்கோ சம்பளப் பிடித்தத்துக்கோ எடுக்கக் கூடாது என்பது டெண்டரில் எழுத்தில் இருக்க வேண்டும். கருவியின் ஸ்விட்ச் வேலை செய்கிறவரின் கையில் இருக்க வேண்டும். அவரும் உடன் இருப்பவர்களும் சாலையை விட்டு ஏறி, துடைப்பத்தையும் கூம்பையும் வண்டியில் வைத்த பிறகு அவரே அணைக்கட்டும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் அணைக்க முடியக் கூடாது.