சிரிஞ்சைக் கீழே வைப்போம்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிரிண்டர் பழுதுபார்ப்பவர்களுக்கு வேலை குவிகிற காலம் இரண்டு. நீண்ட விடுமுறைக்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகள் திறக்கும் வாரம் ஒன்று. செக்ரோல் கணக்கு முடிந்து தோட்ட ஆபீசில் சம்பளம் தயாராகும் மாத முதல் வாரம் மற்றொன்று. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி தொழிலாளியின் கைக்குப் போய்விட வேண்டும். அதன் விவரச் சீட்டும் அவருக்குச் சேர வேண்டும். ஆறாம் தேதி காலையில் "கறுப்பு வரவே மாட்டேங்குது" என்று கிராணியார் கூப்பிட்டால், போகிறவர் பையில் பெரும்பாலும் ஒரு சிரிஞ்சு, ஒரு துண்டு ரப்பர் குழாய், ஒரு பாட்டில் கிளீனிங் திரவம் இருக்கும். குழாயை ஹெட்டின் மை நுழையும் முனையில் செருகி, திரவத்தைக் கட்டைவிரலால் தள்ளி, அடியில் மை பீறிட்டதும் அடைப்பு நீங்கியது என்று எண்ணிக்கொள்வது நம் தொழிலில் பரவிவிட்ட பழக்கம். இதை நாம் அனைவரும் கைவிட வேண்டும் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து. திரவம் தேவைதான். ஆனால் அது வேலை செய்வது நேரத்தால். நாம் கொடுக்கும் விசையால் அன்று.

அடைப்பு என்று நாம் சொல்வது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். இன்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். அது சீக்கிரம் காயாதிருக்கக் கிளிசரினும் கிளைக்கோலும் சேர்ந்திருக்கும். நிறத்தைத் தருவது சாயம் அல்லது நிறமித் துகள். இந்த மை வெளியேறும் துளையின் அகலம் சுமார் 20 மைக்ரோன், அதாவது தலைமுடியின் பருமனில் பாதிக்கும் குறைவு. தண்ணீர் ஆவியானதும் சாய மை பிசினாக இறுகும். மறுபடி ஈரம் கிடைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். நிறமி மை அப்படியல்ல. அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பதற்கென்று ஒரு பூச்சு இருக்கிறது. காய்ந்து கட்டிப்பட்ட பிறகு அத்துகள்கள் முழுதாகப் பிரிவதில்லை. இடையில் இருக்கும் பிசினை இளக்கி, கட்டியைத் தளர்த்த மட்டுமே திரவத்தால் முடியும். கெனன் ஜி வரிசை டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு நிறமி மை, மற்ற மூன்றும் சாய மை. எப்சன் எல்3110-இல் நான்குமே சாயம். ஆகவே கெனனின் கறுப்பு அடைப்பையும் எப்சனின் மஞ்சள் அடைப்பையும் ஒரே கை, ஒரே வேகத்தில் அணுகுவது அடிப்படையிலேயே தவறு. இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். கரைந்த சிறு மூலக்கூறு ஒன்று, அசையாத தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர் பரவுவதற்கே எட்டுப் பத்து நிமிடம் பிடிக்கும். தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். இறுகிய மைக்குள், அதைவிடப் பெரிய துகள்களுக்கு, இது மணிக்கணக்கில் நீளும். பத்து நிமிடத்தில் கரையாத அடைப்பைக் கண்டு திரவம் சரியில்லை என்று முடிவு கட்டுவதும், அடுத்த நொடியே சிரிஞ்சை எடுப்பதும் இந்தக் கணக்கை அறியாததால் வருபவை.

இனி விசைக்கு வருவோம். பிரிண்டர் தன் ஹெட்டைத் தானே சுத்தம் செய்யும்போது, பார்க்கிங் இடத்தில் உள்ள ரப்பர் கேப் வழியாக மையைக் கீழிருந்து உறிஞ்சுகிறது. எந்தப் பம்பாக இருந்தாலும் உறிஞ்சும் விசை ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டாது; அந்த எல்லையை இயற்கையே வகுத்திருக்கிறது. தள்ளுவதற்கோ எல்லையே இல்லை. பத்து மில்லி சிரிஞ்சின் தண்டை மூன்று கிலோ விசையோடு அழுத்தினால், வழி அடைபட்ட நிலையில் உள்ளே ஏறக்குறைய ஒன்றரை வளிமண்டல அழுத்தம் உண்டாகும். அதே மூன்று கிலோவை ஒரு மில்லி சிரிஞ்சில் கொடுத்தால் அது பதினேழை நெருங்கும். சிறிய சிரிஞ்சு மென்மையானது என்று நம்பிக் கையில் எடுப்பவர்கள் பலர், உண்மை நேர்மாறானது. துளையின் வாயில் மையைச் சிந்தாமல் பிடித்து நிறுத்தும் விசை, வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அத்தனை மெல்லிய சமநிலைக்காகச் செய்யப்பட்ட அடுக்குகளையும் பசையையும் நாம் சிறிய சிரிஞ்சால் அதைப்போல் நூறு மடங்குக்கு மேலான அழுத்தத்தில் சோதிக்கிறோம். ஒரு நிறத்தின் அறைக்கும் அடுத்த நிறத்தின் அறைக்கும் நடுவில் உள்ள ஒட்டு விட்டுப்போனால், மஞ்சளில் நீலம் கசிந்து வரும். அதன்பிறகு எந்தத் திரவமும் அந்த ஹெட்டைக் காப்பாற்றாது. மேல்பக்கம் கசிந்தால் ஈரம் தட்டைக் கேபிளின் முனைக்குப் போகும். அது காயுமுன் மின்சாரம் கொடுத்தால் ஹெட்டோடு மெயின் போர்டும் எரியும்.

அடியில் பீறிடும் மை நமக்குத் தரும் நம்பிக்கையும் பொய்யானது. திரவம் எளிதான வழியைத்தான் தேடும். ஏற்கெனவே திறந்திருக்கும் நூறு துளைகள் வழியாக அது பாய்ந்து போகும். அடைபட்ட பத்துத் துளைகள் அழுத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். "இருபது வருஷமா சிரிஞ்சுதான் பிடிக்கிறேன், எத்தனையோ ஹெட்டை எழுப்பியிருக்கிறேன்" என்று அனுபவசாலிகள் சொல்வதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்படி எழுந்த ஹெட்டுகளில் எத்தனை, ஓர் இரவு ஊறவிட்டிருந்தாலே எழுந்திருக்கும்? எழாதவற்றில் எத்தனை அந்தத் தள்ளலாலேயே செத்தவை? இவற்றைப் பிரித்தறியும் வழி பட்டறையில் இல்லை. பிழைத்தது கையின் திறமையாகவும் செத்தது ஹெட்டின் ஆயுளாகவும் எழுதப்படும் கணக்கேட்டை வைத்து ஒரு முறையை நல்லதென்று சொல்ல முடியாது.

தயாரிப்பாளர்களின் வழிகாட்டியும் காத்திருக்கத்தான் சொல்கிறது. எல் வரிசை பிரிண்டர்களுக்கான எப்சன் கையேடு, நாசில் செக்கும் ஹெட் கிளீனிங்கும் மூன்று முறை செய்தும் பலனில்லையென்றால், குறைந்தது 12 மணி நேரம் அச்சிடாமல் விட்டுவிட்டு மறுபடி பார்க்கச் சொல்கிறது. பலர் இதை வாடிக்கையாளரைச் சமாளிக்கும் பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள். அந்த 12 மணி நேரத்தில் குழாய்க்குள் புகுந்த காற்று மேலேறுகிறது, புதிய மை பழைய மையை இளக்குகிறது. கெனன், எச்பி ஹெட்டுகளில் பொறுமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1977-இல் கெனன் ஆய்வகத்தில் சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டு மை தெறித்ததிலிருந்து வளர்ந்தது கெனனின் தொழில்நுட்பம். இவ்விரு நிறுவன ஹெட்டுகளிலும் ஒவ்வொரு துளைக்கும் ஒரு நுண்சூடேற்றி இருக்கிறது. அது மையைக் கண நேரத்தில் கொதிக்கவைத்துத் துளியை வெளியேற்றும். மை இல்லாமல் அது சுட்டால் தன்னையே எரித்துக்கொள்ளும். அடைபட்ட ஹெட்டில் பக்கம் பக்கமாக அச்சிட்டுப் பார்ப்பதும் ஹெட்டைக் கொல்லும் வேலைதான். கிளீனிங்கைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் மை வீணாவதோடு கழிவுப் பஞ்சும் நிரம்பிப் பிரிண்டரே நின்றுவிடும்.

ஊறவைப்பதற்கு முன் அது அடைப்புதானா என்று பாருங்கள். இரண்டு நாசில் செக் தாள்களை அருகருகே வைத்தாலே பாதி தெரிந்துவிடும். கோடு விடுபடும் இடம் தாளுக்குத் தாள் மாறினால் காற்று, அல்லது மை வரத்தில் குறை. அதற்குத் திரவம் எதுவும் செய்யாது. அதே இடம் திரும்பத் திரும்ப விடுபட்டால் அடைப்பாக இருக்கலாம், அந்தத் துளை மின்னளவில் செத்தும் இருக்கலாம். அடைப்புதான் என்றால், எப்சன் வகையில் ஹெட் நடுவுக்கு வந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி, கேப்பில் திரவத்தை விளிம்பு வழியாத அளவுக்கு விட்டு, ஹெட்டைக் கையால் மெதுவாக நகர்த்தி அதன்மேல் நிறுத்தி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் பிரிண்டரின் சொந்தப் பம்பே உறிஞ்சட்டும். ஒரு கிளீனிங் போதும். கழற்றக்கூடிய ஹெட்டென்றால், பஞ்சிழை உதிராத துணியைத் திரவத்தில் நனைத்து அதன்மேல் துளைப்பக்கத்தை வையுங்கள்; செம்புத் தொடுமுனைகளில் ஈரம் படக்கூடாது. கெனன் ஜி வரிசை ஹெட் தனியாக வாங்கக் கிடைக்கும் பொருள் என்பதால், இரண்டு இரவுக்குமேல் அதோடு போராடத் தேவையில்லை. திரவம் எதுவானாலும் கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்காமல் பாருங்கள்.

திரவத் தேர்வில் கடைக்காரர் வார்த்தையை நம்புவதைவிட ஒரு சோதனையை நம்பலாம். தெளிவான சிறு பாட்டிலில் திரவத்தை ஊற்றி, அந்தப் பிரிண்டரின் மையிலேயே ஒரு துளி விட்டு, ஓர் இரவு வையுங்கள். சீராகக் கலந்திருந்தால் பயன்படுத்தலாம். அடியில் பொடியாகப் படிந்தால் அதுவே ஹெட்டுக்குள்ளும் நடக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பலர் விரும்புகிறார்கள். நிறமி மையோடு அது சேர்ந்தால் துகள்கள் திரிந்து கட்டிப்பட வாய்ப்புண்டு. தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவங்களில் பலவற்றில் உள்ள அமோனியா செம்பை அரிக்கும். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பை விட்டுப் போகும். கையில் நல்ல திரவம் எதுவும் இல்லாத வேளையில், சாய மைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் இவை அனைத்தையும்விட மேல்.

வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார் என்ற மறுப்புதான் எல்லாவற்றிலும் நியாயமானது. சிரம்பானிலிருந்து பகாவ், ஜெராம் பாடாங் பக்கம் போய்வருவதென்றால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு முறை போனால் பெட்ரோல் யார் தலையில்? இதற்குத் தீர்வு வண்டியில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரை எடுத்துப் போவது. சம்பளச் சீட்டுக்கு வண்ணம் வேண்டாம். அதை ஆபீசில் இரவலாக வைத்துவிட்டு, அடைபட்டதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் கிராணியாரின் ஏழாம் தேதியும் தப்பும், ஹெட்டும் தப்பும். மாதத்தில் முப்பது நாற்பது தாள் மட்டும் அச்சிடும் ஆபீசுக்கு இன்க்ஜெட்டே பொருந்தாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். தமிழ்ப்பள்ளிகளின் நிலைமை வேறு. மாநிலத்தில் அறுபதுக்குமேல் இருக்கும் அந்தப் பள்ளிகளில் பல இன்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்பவை. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிக்கு ஒரு ஹெட்டின் விலையும் பாரம்தான். புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள், எறியப்படும் பிரிண்டர் எஸ்டபிள்யூ 110 என்ற வகையில் 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிகள் பட்டியலிட்ட கழிவு என்பதை மறக்கக்கூடாது.

இவ்வளவு ஈரமான நாட்டில் மை எப்படிக் காயும் என்று கேட்பவர்களும் உண்டு. வெளியில் ஈரம், ஏர்கோன் ஓடும் ஆபீசுக்குள் காற்று வறண்டது. அதைவிடப் பெரிய காரணம் இடி. மின்னலுக்குப் பயந்து மாலையில் பிளக்கைப் பிடுங்குவது தோட்ட ஆபீசுகளில் வழக்கம், அது தேவையான வழக்கமும்கூட. ஆனால் பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தாமல், வேலை நடக்கும்போதே சுவிட்சை அணைத்தால் ஹெட் கேப்புக்கு வராமல் பாதிவழியில் திறந்து நிற்கும். வெள்ளிக்கிழமை மாலை அப்படி நின்ற ஹெட், திங்கட்கிழமை காலைவரை காற்றில் காய்கிறது. பழுதுபார்த்துத் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு பிரிண்டரின் மூடியிலும் தமிழிலும் மலாயிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: முதலில் பட்டன், விளக்கு அணைந்து ஹெட் ஓரம் போய் நின்ற பிறகு பிளக்; வாரம் ஒரு முறை எல்லா வண்ணங்களும் உள்ள ஒரு தாள். ஒட்டும்போது கிராணியாரையோ பள்ளி அலுவலரையோ அருகில் அழைத்து ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.